நாகமுத்தர் படலையில் நின்றால்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டொக்டர் பிள்ளை போன கிழமை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நோயாளிகளை மருந்தோடு விட்டுவிடாமல், ஊரில் நடக்கும் சங்கம், தோட்ட வேலை, பஜனை என்று ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட வேண்டுமாம். கொழும்பில் அதற்கு வகுப்பும் வைத்திருக்கிறார்களாம். "இது புது முறை அம்மா" என்று கண்ணை விரித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளை கோபிக்கவில்லை. "அப்ப நீங்கள் அந்தக் காலத்திலை என்ன செய்தனீங்கள் எண்டு எங்கடை ஆஸ்பத்திரி மலருக்கு எழுதித் தாங்கோவன்" என்று என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. காது மந்தம். வாய் மந்தமில்லை என்று மருமகள் சொல்லுவாள். அந்தத் துணிவில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மருத்துவிச்சிப் பயிற்சி யாழ்ப்பாணத்தில் எடுத்தேன். அதைச் சொல்லப் போனால் உங்கள் மலரில் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. தலைமை நர்ஸ் மிஸியிடம் வாங்கிய ஏச்சுக்கள் மட்டும் இன்றைக்கும் வரிவரியாக நினைவிருக்கின்றன, அதோடு விடுகிறேன். ஐம்பதுகளின் நடுவில் என்னை முரசுமோட்டைக்கு அப்பால், காடு வெட்டித் திறந்த ஒரு குடியேற்றத் திட்டத்துக்கு அனுப்பினார்கள். ஒரு டிஸ்பென்சரி, பின்னால் எனக்கு ஒரு அறை, குசினி, ஒரு சைக்கிள். வெள்ளைச் சேலையோடு ஒரு பொம்பிளை சைக்கிள் ஓடுவதைப் பார்க்கவே முதல் மாதம் சனம் வேலிக்கு வந்து நின்றது.

குளத்திலிருந்து இழுத்த வாய்க்கால்களின் ஓரமாக வீடுகள் இருந்தன. ஆட்கள் எல்லோரும் யாழ் குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். ஒரு வீடு கரவெட்டி, அடுத்த வீடு அளவெட்டி, அதற்கடுத்தது தீவுப்பக்கம். ஆருக்கும் ஆரும் ஒன்றுமில்லை. வேலிக்கு வேலி சண்டைகூடக் கிடையாது. சண்டை பிடிக்கவும் கொஞ்சம் உறவு வேண்டுமே!

எங்கள் பொறுப்பதிகாரி ஓர் அப்போதிக்கரி, முழு டொக்டர் இல்லை. சனத்துக்கு அவர் டொக்டர் ஐயா, எனக்கும் அப்படித்தான். மெல்லிய மனிதர். குரலும் மெல்லிசு. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். வேலை செய்யும் முறையில் மட்டும் ஒரு நூலிழை பிசக விடமாட்டார். அந்த நாளில் ஆட்கள் வீட்டிலிருந்து வெறும் போத்தல் கொண்டுவந்து மருந்து வாங்கிப் போவார்கள். போத்தலை முதலில் அவரே முகர்ந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் மணந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். மருந்து ஊற்றியபின் ஒரு கடதாசித் துண்டை மடித்து, ஓரத்தைப் பல்லுப்பல்லாக வெட்டி, போத்தலின் பக்கத்தில் கூழ் பூசி ஒட்டவேண்டும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. பல்லுக்கள் ஒரே அளவாக இல்லாவிட்டால் கண்ணாடி கழன்றுவிடும். நான் வெட்டிய எத்தனையோ கடதாசிகள் அடுப்புக்குப் போயிருக்கின்றன.

நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்து எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி கேட்பார்:

"நேற்று ஆரோடை கதைச்சனீர்?"

முதலில் எனக்கு இது பைத்தியக்காரக் கேள்வியாகத்தான் பட்டது. வயிற்றுக் குத்து என்று வந்தவனிடம் ஆரோடு கதைத்தாய் என்றால் என்ன அர்த்தம்? ஆனால் அந்தக் கேள்விக்கு ஆட்கள் யோசிப்பதைப் பார்க்கவேண்டும். சிலர் கூரையைப் பார்ப்பார்கள். ஒரு மனுசி "மாட்டோடை" என்றாள். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் என்னைக் கூப்பிட்டு, "மிஸி, இவவுக்கு ஒரு மிக்ஸ்சர், ஒரு மனிசர்" என்பார். மிக்ஸ்சர் அவர் பாடு. மனிசர் தேடுவது என் பாடு.

இதில் நாங்கள் முதலில் சறுக்கினோம். மகேஸ்வரி என்று புதிதாகக் கலியாணம் முடித்து வந்த பிள்ளை ஒன்று. ஓயாத தலையிடி. மாதர் சங்கத்தில் பாய் இழைக்கிறார்கள், போய்ச் சேர் பிள்ளை என்று டொக்டர் ஐயா சொன்னார். அடுத்த கிழமை அதே போத்தலோடு வந்து நின்றாள்.

"ஏன் பிள்ளை போகேல்லை?"

"எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே ஐயா."

"நான் சொன்னனான்தானே?"

"நீங்கள் மருந்துக்கெல்லோ சொன்னனீங்கள்."

டொக்டர் ஐயா கதிரையில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் முதல்தடவை பார்த்தேன். அவள் சொன்னது முழுக்கச் சரி. நம்முடைய சனத்துக்குச் 'சொல்லுறது' என்றால் சும்மா வாயால் சொல்லுவது இல்லை. இன்ன வீட்டார் இன்ன வீட்டுக்கு நடந்து வந்து, நின்று, இன்ன நாள் வாருங்கோ என்று கூப்பிட வேண்டும். சொல்லாத இடத்துக்கு, பசித்தாலும் போகமாட்டார்கள். அன்றைக்குப் பின்னேரமே சங்கத்துத் தலைவியை நான் இழுத்துக்கொண்டு போய் மகேஸ்வரியின் வாசலில் நிறுத்திச் சொல்லவைத்தேன். அதற்குப் பிறகு எங்களுக்கு அதுதான் முறை. நோயாளியை அனுப்புவதில்லை. சொல்லுவதற்கு ஆளை நோயாளியிடம் அனுப்புவது. மகேஸ்வரி பிறகு அந்தச் சங்கத்தில் எல்லாருக்கும் தலையிடி கொடுத்தாள் என்பது வேறு கதை.

இனி நாகமுத்தரின் கதைக்கு வருகிறேன்.

நாகமுத்தருக்கு அப்போது நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். பிள்ளைகள் இல்லை. மனைவி பாக்கியம். முதலாம் வாய்க்காலின் தலைமாட்டு வீடு. இரண்டு பேருமாகக் காடு வெட்டி, வேர் கிளப்பி எடுத்த வயல். ஒரு பங்குனி வெயிலில் பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்தது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோக வண்டில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவ போய்விட்டா. வெயிலுக்கு உடம்பை வைத்திருக்க முடியாது, அன்றைக்கே எடுக்கவேண்டும்.

இங்கேதான் சிக்கல். குடாநாட்டில் ஒரு சாவு விழுந்தால் வீடுவீடாகப் போய் அதைச் சொல்லுவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். சாதியால் அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டிவைத்திருந்தது ஊர். குடியேற்றத் திட்டத்துக்கு அப்படிப்பட்டவர்களும் வந்தார்கள், ஆனால் காணி கிடைத்துக் கமக்காரராக வந்தார்கள். "எங்கடை தொழில் இனி வயல்" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது நியாயம்தான். மற்றவர்களோ, தாங்கள் போய்ச் சொன்னால் அந்தப் பெயர் தங்களில் ஒட்டிவிடும் என்று பயந்தார்கள். ஆகவே சொல்ல ஆளில்லை. நாகமுத்தர் முற்றத்தில் நின்று வேலிப் படலையைப் பார்த்தபடி பின்னேரம்வரை காத்திருந்தார். பக்கத்து வீட்டார் கொஞ்சப் பேர் வந்தார்கள். பாடை தூக்கத் தோள் போதாமல் வண்டில்காரனும் ஒரு பக்கம் பிடித்தான். மற்ற வாய்க்கால்காரருக்கு விஷயம் தெரியும்போது சுடலையில் நெருப்பும் அணைந்துவிட்டது.

பிறகு என்ன நடந்தது என்றால், போகாதவர்களுக்கு அவருடைய முகத்தைப் பார்க்கக் கூச்சம். அவர் ரோட்டில் வந்தால் இவர்கள் வரம்பில் இறங்கிவிடுவார்கள். அவரோ, "என்ரை மனுசியின்ரை செத்தவீட்டுக்கு வராத சனம், இப்ப என்னையும் தள்ளி வைக்குது" என்று முடிவுகட்டிவிட்டார். ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மனிதன் ஊருக்கு நடுவில் தனித்துப் போனான்.

கொஞ்ச நாளில் போத்தலோடு வந்தார்.

"தொண்டைக்குள்ளை ஏதோ அடைக்குது ஐயா. சோறு இறங்குதில்லை."

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தாயிற்று. தொண்டையில் ஒன்றுமில்லை. ஆனால் மனிதர் உருகிக்கொண்டே போனார். சேட்டு ஆணியில் தொங்குவதுபோல் உடம்பில் தொங்கியது. வயல் புல் மூடிக் கிடந்தது. கோடைச் சிறுபோகமும் விதைக்கவில்லை, மாரிக் காலபோகமும் விதைக்கவில்லை. காணிக் கந்தோரிலிருந்து ஆள் வந்து, அடுத்த சிறுபோகமும் தரிசாகக் கிடந்தால் காணிப் பெர்மிற்றை வெட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாகமுத்தருக்கு அது பெரிதாகப் படவில்லை.

"வருசம் திரும்பிப் பாக்கியத்தின்ரை ஆட்டைத் திவசம் முடியட்டும். நானே குடுத்திட்டுத் தமையன் வீட்டை போயிடுவன்."

டொக்டர் ஐயா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நாகமுத்தர் மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். முறைப்படி நான் ஆள் அனுப்பினேன். ஊர் கூடி வேலை செய்யும் சிரமதானத்துக்குச் சொல்ல, வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் செல்லையர் போனார். பஜனைக்குச் சொல்ல இன்னொருவர் போனார். கடைசியில் நானே போனேன். படலைக்கு உள்ளே நின்றபடி, "உந்தச் சனத்தோடை எனக்கென்ன கதை மிஸி? நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வாயில் வந்ததை எல்லாம் சைக்கிளுக்குச் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

கார்த்திகை மழை தொடங்கிய நேரம், மூன்றாம் வாய்க்காலில் ஒரு கிழவி மோசம் போனா, சாவை அப்படித்தான் சொல்லுவோம். அவவின் மகன் காலையில் டிஸ்பென்சரி வாசலில் வந்து நனைந்தபடி நின்றான். அவனுக்கும் அதே பிரச்சினை, சொல்ல ஆளில்லை. நோயாளிகள் இருக்கும் வாங்கில் நாகமுத்தர் போத்தலோடு இருந்தார். டொக்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

"நாகமுத்தர், உம்மட்டைச் சைக்கிள் இருக்கு. ஒருக்காப் போய்ச் சொல்லிப்போட்டு வாரும்."

நாகமுத்தர் எழும்பிய வேகத்தில் வாங்கு ஆடியது.

"என்னை ஆரெண்டு நினைச்சியள்? இழவு சொல்லுற ஆளெண்டோ?"

"சொல்லாட்டி என்ன நடக்குமெண்டு இந்த ஊரிலை உமக்குத்தான் தெரியும்" என்றார் டொக்டர் ஐயா. குரல் எழும்பவில்லை. "நான் வேறை ஆரைக் கேக்கிறது?"

நாகமுத்தர் அந்த மகனைப் பார்த்தார். அவன் தலையில் துவாய்கூட இல்லை. தன் துவாயை எடுத்து அவன் தலையில் போட்டுவிட்டு, போத்தலை வாங்கிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். மருந்து வாங்காமல் அவர் போனது அன்றைக்குத்தான்.

நான் இரண்டாம் வாய்க்காலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுப் படலையிலும் அவர் வந்து நின்றார். சாவு சொல்ல வந்தவர் உள்ளே வரக்கூடாது, இருக்கக்கூடாது, போகும்போது 'போட்டு வாறன்' என்று சொல்லவும் கூடாது. அதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியே நின்றபடி, "மூண்டாம் வாய்க்கால் சின்னாச்சி மோசம் போயிட்டா. பின்னேரம் எடுக்கினம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

"அண்ணை, நில்லுங்கோ! பாக்கியக்கா போனது எங்களுக்கு அடுத்த நாள்தான் தெரியும் அண்ணை. ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. சொல்லியிருந்தா நாங்கள் வராமல் இருப்பமே? அக்கா எனக்கு முருங்கையிலை ஆய்ஞ்சு தந்த மனுசியெல்லோ..."

நாகமுத்தர் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"தெரியாதோ?" என்றார்.

"கடவுளாணைத் தெரியாது."

அவர் அடுத்த படலைக்குப் போனார். அன்றைக்கு எத்தனை படலைகளில் அவருக்கு இதே பேச்சு கிடைத்ததோ எனக்குத் தெரியாது. சின்னாச்சியின் செத்தவீட்டில் சனம் வாய்க்கால் கட்டு நிறைய நின்றது. நாகமுத்தரும் ஓரமாக நின்றார்.

அதிலிருந்து சாவு விழுந்தால் ஆட்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவரும் மறுக்கவில்லை. தொண்டை மெல்ல இளகியது, ஒரு நேரமாவது சாப்பிட்டார். ஆனால் வயலில் இறங்கவில்லை. எங்கள் முறை வென்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது குடாநாட்டிலிருந்து அவருடைய தமையன் வந்து டிஸ்பென்சரிக்குள் பாய்ந்தார்.

"நீங்கள் படிச்ச மனிசன்! எங்கடை குடும்பத்துக்கு இழவு சொல்லுற பேர் எடுத்துத் தந்திட்டியள். எனக்குக் குமர்ப்பிள்ளையள் கிடக்கு. இனி அவன் அங்கை வந்து என்ரை வீட்டிலை இருக்கேலாது, சொல்லிப்போட்டன்!"

டொக்டர் ஐயா தமையன் போனபின் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸி, அந்த மனிசனுக்கு இருந்த ஒரு வாசலையும் நான் அடைச்சுப்போட்டனோ?"

ஊருக்கு நாகமுத்தர் வேண்டும்தான், ஆனால் எதற்கு வேண்டும்? சாவு சொல்ல. அவரைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் குசினிக்குள் ஓடின. "நாகமுத்தர் படலையிலை நிண்டா ஆரோ செத்தது சரி" என்று ஒரு கதையே உண்டாகிவிட்டது. அவரும் அதைக் கேட்டிருப்பார். தமையன் சொன்னதைக் கேட்டபின், "திவசம் முடிய விசுவமடுப் பக்கம் ஆரின்ரையும் வயலிலை கூலிக்கு நிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். சொந்த வயல் இருக்கக் கூலிக்கு நிற்கப் போகிறாராம்!

பங்குனி வந்தது. ஆட்டைத் திவசத்துக்கு முதல்நாள் காலையில், அதைச் சொல்லவென்று அவர் புறப்பட்டார். முதலாம் வாய்க்காலில் கொஞ்ச வீடு சொல்லுவதற்குள் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. மிச்சத்தைப் பின்னேரம் சொல்லலாம் என்று உருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

பாவி மனிதன், பழக்கதோஷத்தில் இதையும் படலைக்கு வெளியே நின்றே சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் மனுசி கிணற்றடியில் நின்றாள். தண்ணீர் அள்ளும் துலா கிறீச்சிட்ட சத்தத்தில் அவளுக்கு "எங்கடை வீட்டிலை" என்பது மட்டும்தான் கேட்டது. அவள் வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குச் சொன்னாள்: "நாகமுத்தர் வந்து நிண்டவர்." "ஆரின்ரை வீடாம்?" "தன்ரை வீடாம்." அடுத்த வேலி தாண்டும்போது அது "நாகமுத்தற்றை வீட்டிலை செத்தவீடாம்" என்று ஆனது. அதற்கடுத்த வேலியில் ஆரோ ஒருவருக்கு மூளை வேலை செய்தது: "ஐயோ, அவர் தனியாளெல்லோ!"

எங்களுக்கு விஷயம் மத்தியானத்துக்கு முன் வந்தது. மகேஸ்வரிதான் ஓடிவந்தாள்.

"ஐயா, நாகமுத்தண்ணை மோசம் போயிட்டாராம்!"

டொக்டர் ஐயா ஒரு குழந்தையின் நெஞ்சில் குழாய் வைத்திருந்தார். அந்தக் குழந்தையை முழுதாகப் பார்த்து முடித்தார். மருந்து எழுதினார். தாயிடம் கொடுத்தார். பிறகு குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். "வாரும் மிஸி" என்று மட்டும் சொன்னார். வழிநெடுக நான் அழுதேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வாய்க்கால் கட்டு முழுக்கச் சனம். இரண்டாம் வாய்க்கால், மூன்றாம் வாய்க்கால், கடை வாய்க்கால் எல்லாம் திரண்டு போகிறது. ஆண்கள் தோளில் விறகு. பெண்கள் தலைவிரி கோலம். ஒட்டுசுட்டானிலிருந்து வண்டிலில் சாமான் கொண்டுவரும் காசிம் நானாவும் சரக்கை இறக்காமலே வண்டிலைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார். "ஐயோ எங்கடை அண்ணை" என்று குழறிக்கொண்டு முன்னால் போன பெண்கள் படலையைத் தள்ளித் திறந்தார்கள்.

முற்றத்தில் நாகமுத்தர் அலவாங்கால் கிடங்கு தோண்டிக்கொண்டிருந்தார். திவசப் பந்தலுக்குக் கால் நட. நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, எல்லாரும் இண்டைக்கே வந்திட்டியள்? நாளைக்கெண்டெல்லோ சொன்னனான்."

குழறல் பாதியில் நின்றது. ஒருத்தி நெஞ்சில் அடிக்கத் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தாள். செல்லையர் கையிலிருந்த வெள்ளை வேட்டியை மெல்லப் பின்னால் மறைத்தார்.

"உதென்ன செல்லையர் பின்னாலை?"

"ஒண்டுமில்லை... வேட்டி."

"ஆருக்கு?"

செல்லையருக்குப் பொய் வராது. "உமக்குத்தான் காணும்" என்றார்.

நாகமுத்தர் விறகுகளைப் பார்த்தார். அழுத முகங்களைப் பார்த்தார். படலைக்கு வெளியே பார்த்தால் சனம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அவருக்கு விளங்கியது. அலவாங்கு கையிலிருந்து சரிந்தது.

"எனக்கோ?" என்றார். "இவ்வளவு சனம் எனக்கோ?"

அப்படியே கிடங்கின் ஓரத்தில் குந்திவிட்டார். பாக்கியம் செத்த அன்றைக்கு அழாத மனிதன், "பாக்கியம், பாத்தியே, பாத்தியே இதை" என்று கத்திக் கத்தி அழுதார். பெண்கள் விட்ட இடத்தில் தொடங்கினார்கள். இந்த முறை அது பாக்கியத்துக்கு. ஒரு வருடம் பிந்தி அந்த வீட்டில் செத்தவீடு நடந்தது. டொக்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துடைக்க மறந்து நின்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

அழுது ஓய்ந்தபின் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. கொண்டுவந்த விறகை என்ன செய்வது? அடுப்பு மூட்டினார்கள். காசிம் நானாவின் வண்டிலிலிருந்து அரிசி இறங்கியது. மகேஸ்வரி குசினியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் விரட்டினாள். ஆண்கள் மிச்சக் கிடங்குகளையும் தோண்டிப் பந்தலைப் போட்டார்கள். சோறும் பூசணிக்காய்க் கறியும் வந்தபோது நாகமுத்தர் செல்லையருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார். நானும் டொக்டர் ஐயாவும் எங்கள் சோற்றை விட்டுவிட்டு அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கை கழுவிவிட்டு வந்தவர், துவாயால் வாயைத் துடைத்தபடி கேட்டார்:

"செல்லையர், எங்கடை வாய்க்காலுக்கு எப்ப தண்ணி திறக்கிறியள்?"

"திவசம் முடிய, மற்ற நாள்."

"அப்ப உழ ஒரு சோடி மாடு வேணும். ஆரிட்டைக் கேக்கலாம்?"

பந்தலுக்குள் இருந்து நாலைந்து பேர் ஒன்றாகப் பதில் சொன்னார்கள்.